விடுகிற சங்கு

ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு குழாய் ஸ்பீக்கர். இவ்வளவுதான் என் முதல். அந்தக் குழாயிலும் விரிசல் இருந்தது, ஈயம் வைத்து நானே அடைத்தேன். ஆம்ப்ளிஃபயரை நானே பிரித்து, நானே மாட்டி, ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டேன். எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துபோனது. அதில் இரண்டு பேருக்குமே சந்தோஷம்தான். அப்படிப்பட்டவன் சாரம் கடைத்தெருவில் தளம் போட்ட கடை கட்டினேன். புதுச்சேரி மேடையில் முதன்முதலாகப் பெட்டி ஸ்பீக்கர் வைத்தவன் நான். பாடுகிறவன் குரலுக்கு எக்கோ கொடுத்தவன் நான். மழையில் நனைந்த வயரைக் கையால் பிடித்தபடி தேர் நிலைக்கு வரும்வரை சத்தம் அறாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான். மந்திரி வந்தாலும் சாமி வந்தாலும் அவர்களுக்கு முன்னால் என் குரல்தான் போகும்: ஹலோ, மைக் டெஸ்டிங்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாட்டுச் செட்டு ஒன்று போட்ட சங்குக் கேசட்டைப் பற்றி இன்றைக்கும் டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். அந்தக் கேசட் முடிகிற இடத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அந்த முடிவு எப்படி வந்தது என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே எழுதுகிறேன்.

அந்தச் செட்டில் நாலு பேர். கித்தார் வாசித்தவர் சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். கடற்கரைப் பக்கம் வீடு. சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். டிரம்ஸ் அடித்தவர் எங்கள் பக்கத்துத் தெரு, மில்லில் தறி ஓட்டுகிறவர். வாரம் ஆறு நாள் தறி, ஏழாவது நாள் டிரம்ஸ். பாட்டுக்காரர் ஒருவரும் ஆர்கன்காரர் ஒருவரும் இருந்தார்கள், இந்த விஷயத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. எழுபதுகளில் ஆரம்பித்த செட்டு. கல்யாணம், மாதா கோயில் விழா, அம்மன் கோயில் விழா, எதையும் விட்டதில்லை. ராக் என்று அவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர் ஆட்டக் கச்சேரி.

எந்தக் கச்சேரியானாலும் முன்னால் தரையில் மில்காரர்கள், பின்னால் நாற்காலியில் சொல்தா வீட்டுப் பிள்ளைகள். பாட்டு பிடித்துவிட்டால் முன்னால் இருப்பவர்கள் ஒன்ஸ் மோர் என்பார்கள், பின்னால் இருப்பவர்கள் பிஸ், பிஸ் என்பார்கள். முதல் கச்சேரியில் அதைக் கேட்டுவிட்டு, எங்கேயோ பீஸ் போய்விட்டது என்று மெயின் பெட்டிக்கு ஓடினேன். இன்னொரு தரம் வாசி என்பதற்குப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்களாம். எனக்கு என்ன தெரியும்?

முன்வரிசையில் ஒருத்தர் உண்டு. டிரம்ஸ்காரரோடு அடுத்தடுத்த தறியில் வேலை பார்த்தவர், உறவு முறையில் மச்சான். முதல் பாட்டு ஆரம்பித்ததும் வேட்டியை மடித்துக் கட்டி முதல் ஆளாக இறங்குவார். அவர் இறங்காமல் யாரும் இறங்கமாட்டார்கள். ஆட்டக்காரர் என்றுதான் அவருக்குப் பேர்.

பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு நாள் முசே என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, ஜனங்கள ஆட வச்சு ஆட வச்சே கை மரத்துப் போச்சு. ஒருத்தனாவது உக்காந்து கேக்கணும்."

"உக்காந்து கேக்கத்தான் பஜனை இருக்கே முசே."

அவர் சிரிக்கவில்லை. கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு போடப்போகிறேன் என்றார். தறிச் சத்தம்தான் தாளம். பாதி வரைக்கும் வாய்ப்பாட்டே கிடையாது. அதன் உச்சியில் மில் சங்கு. "அந்தச் சங்க நீதான் புடிச்சுத் தரணும்" என்றார்.

மில் சங்கை டேப்பில் பிடிப்பது விளையாட்டு இல்லை. கிட்டப் போனால் மீட்டரின் ஊசி கடைசியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், சத்தம் கிழிந்துபோகும். தள்ளிப் போனால் காக்காய்ச் சத்தம்தான் பதியும். ஊரில் வேறு எவனுக்கும் அது வந்திருக்காது. நான் மைக்குக்கு ஈரத் துண்டில் தலைப்பாகை கட்டினேன். மில் மதிலுக்குப் பின்னால் டிரம்ஸ்காரர் வீட்டுக் கூரையில் அதைப் படுக்க வைத்தேன். காலையில் கூப்பிடுகிற சங்கையும் பிடித்தேன், சாயங்காலம் விடுகிற சங்கையும் பிடித்தேன். கூப்பிடுகிற சங்கு நீளமாக ஒன்று. கேட்டால் வயிற்றுக்குள் இழுக்கும். விடுகிற சங்கு குட்டியாக இரண்டு, ஆடு கத்துகிற மாதிரி. முசே இரண்டையும் கேட்டுவிட்டு, "நீளமானது போதும்ணே. இந்த ரெண்டுல கம்பீரமே இல்ல" என்றார். நான் அதை அழிக்கவில்லை. பதிந்த எதையும் அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கேசட் தயாராகிக்கொண்டிருந்தபோது மில்லில் தகராறு வந்தது. ஒருநாள் கேட்டில் பூட்டுத் தொங்கியது. சங்கு நின்றது. எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடுகளிலேகூட எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று தெரியாமல் போனது. ஆண்கள் பகலில் தெருவில் நின்றார்கள். பகலில் தெருவில் நிற்கத் தெரியாதவர்கள் அவர்கள். கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

அப்போதுதான் கேசட் வெளியே வந்தது. வந்த உடனே ஊர் இரண்டாகப் பிரிந்தது. சங்குக் கட்சி, ஆட்டக் கட்சி. இது பெரிய வேலை, பாரீசில்கூட இப்போது இப்படித்தான் செய்கிறார்கள் என்றது சங்குக் கட்சி. இத்தனை வருஷம் ஆட வைத்துவிட்டுக் கடைசியில் காதில் மெஷினை ஓட்டுகிறானே என்றது ஆட்டக் கட்சி. சலூனில் பாதி முகத்தோடு எழுந்து சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் வாய்ச் சண்டை. கைச் சண்டை வரைக்கும் போனது, கேசட் வந்த அன்றைக்கே, என் கடை வாசலில்.

கடையைத் திறந்ததும் புதுக் கேசட்டைத் தெருப் பக்கம் திருப்பி வைத்த குழாயில் போடுவது என் வழக்கம். அன்றைக்கும் போட்டேன். குழாய் என்னுடையது, பதிந்த டெக் என்னுடையது, ஊருக்குக் கேட்க வைப்பது என் தொழில். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற நேரம்தான் நான் கடை திறக்கிற நேரமும். அதற்கு நான் என்ன செய்வது?

பாட்டில் தறிச் சத்தம் ஏறியது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு சங்கு வந்தது. என் குழாய் லேசுப்பட்டது இல்லை. வீட்டு டேப் ரிக்கார்டரில் அது பாட்டாகக் கேட்டிருக்கும், குழாயில் அது மில்லேதான்.

முதலில் ஒரு பிள்ளை கத்தியது: "மில்லு தொறந்துட்டாங்க!"

அடுத்து ஒரு தெருவே ஓடியது. நூல் சுற்றுகிற ரீலிங் பகுதிப் பெண்கள் கொண்டையை முடிந்துகொண்டே ஓடினார்கள். ஆட்டக்காரர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு, கையில் சோற்றுத் தூக்கோடு என் கடையைத் தாண்டிப் போனார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக்கூடப் போனார். கேட்டில் பூட்டு அப்படியே தொங்கியது. வாட்ச்மேன் உள்ளே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாராம். "இன்னா எல்லாரும் வந்துட்டீங்க, எதுனா ஊர்வலமா?" என்று கேட்டாராம்.

திரும்பி வந்தபோது அவர்கள் ஓடவில்லை. நடந்து வந்தார்கள். ஓடிப் போன கூட்டத்தைவிட நடந்து வந்த கூட்டம்தான் பயமாக இருந்தது.

"யோவ் மைக்கு! எவன்யா சங்கு ஊதுனது?" ஆட்டக்காரர்தான். கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"பாட்டுண்ணே. நம்ம செட்டு புதுக் கேசட்டு."

"பாட்டா? என் பொண்டாட்டி ஒல வச்சுட்டா. எம் புள்ள தெருவுல போறவங்கிட்டல்லாம் எங்கப்பாக்கு வேல வந்துட்டுதுன்னு சொல்லினு இருக்கான். நான் இப்ப வூட்டுக்குப் போயி இன்னா சொல்ல? பாட்டுன்னு சொல்லவா?"

"நமக்கே சங்கு ஊதிட்டான்யா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். அவனைத் தவிர ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு டிரம்ஸ்காரர் வந்தார். ஆட்டக்காரர் அவரைப் பார்த்ததும் குரலை இறக்கினார். அதுதான் இன்னும் மோசம்.

"மச்சான், நீயும் தறிக்காரன்தான? ஒன் வூட்டுக் கூரையில வச்சுப் புடிச்சதாமே? ஞாயித்துக்கெழம திடல்ல கச்சேரின்றாங்க. அடி, வேணாங்கல. ஆனா அந்தச் சங்கு ஊதிச்சு, நீ அதுக்குக் கொட்டு அடிச்ச, அப்புறம் நம்ம தெருவுல ஒன்ன மச்சான்னு எவனும் கூப்புடமாட்டான்." என் பக்கம் திரும்பினார். "ஒன் பொட்டிய ஒடச்சி அடுப்பு எரிப்போம். ஒல கொதிச்சினுதான் கீது."

நானும் டிரம்ஸ்காரரும் சைக்கிளில் முசே வீட்டுக்குப் போனோம். முசே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம்கூட வெட்ட மாட்டேன். சங்கு இல்லன்னா அது பாட்டே இல்ல. அவுங்க வாழ்க்கையப் பத்தின பாட்டுய்யா அது! அவுங்களே வேணாம்னா எப்டி?"

"எங்களப் பத்திதான் முசே" என்றார் டிரம்ஸ்காரர். "எங்களக் கேட்டியா?"

முசே கித்தாரை எடுத்து முறுக்காணியைத் திருக ஆரம்பித்தார். டிரம்ஸ்காரர் விடவில்லை.

"நான் மேடைக்கு வரேன். தறித் தாளம் அடிக்கிறேன். சங்கு வந்துது, குச்சியக் கீழ வச்சிடுவேன்."

"வச்சா செட்டு அன்னிக்கோட முடிஞ்சிது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சங்கு மேடையில் யார் வாயிலிருந்தும் வராது. என் டெக்கிலிருந்து வரும். பட்டன் என் விரலுக்குக் கீழே. "நான் பாத்துக்கறேன்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கே அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் இறங்கும்போதே திடல் நிறைந்துவிட்டது. பின்னால் நாற்காலிகளில் சங்குக் கட்சி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னால் தரையில் மில்காரர்கள். ஒவ்வொருத்தர் மடியிலும் சோற்றுத் தூக்கு. காலித் தூக்கு. கைப்பிடி ஆடும்போதே தெரிந்துவிடும், உள்ளே ஒன்றும் இல்லை என்று. எதற்குக் கொண்டுவந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எறிவதற்கா, அடிப்பதற்கா? கடைசி முறை மில் கேட்டுக்கு எப்படிப் போனோமோ அப்படியே வந்திருக்கிறோம் என்று காட்டுவதற்கா? ஆட்டக்காரர் என் இடது பக்கப் பெட்டி ஸ்பீக்கருக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். முழுக்க மழித்த முகம். கையில் கட்டிங் பிளேயர்.

பழைய பாட்டு மூன்று வாசித்தார்கள். ஒருத்தரும் எழவில்லை. அத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டுகளுக்கு உட்கார்ந்திருந்த கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன். முசே கேட்டது அதுதானே, உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று. கேட்டார்கள். அவருக்கு வியர்த்தது.

பிறகு அந்த நீளப் பாட்டு. என் டெக்கிலிருந்து தறிச் சத்தத்தை மெதுவாக ஏற்றினேன். டிரம்ஸ்காரர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு தறி, இரண்டு தறி, கூடம் முழுக்கத் தறி. முன்வரிசையில் ஒரு மாற்றம். ரீலிங் பெண் ஒருத்தியின் விரல்கள் மடியில் நூல் முடிச்சுப் போட ஆரம்பித்தன. அவளுக்கே அது தெரியவில்லை. ஆட்டக்காரர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லாத தறி நாடாவோடு போய்ப் போய் வந்தது. ஆனால் அவர் கை ஸ்பீக்கர் வயரில் இருந்தது. பிளேயரின் வாய் வயரைக் கவ்வியிருந்தது, அழுத்தவில்லை.

சங்கு வரவேண்டிய இடம் நெருங்கியது. முசே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன், ஆற்றோடு போகிறவன் கரையில் இருக்கிறவனைப் பார்க்கிற பார்வை. என்னிடம் இரண்டு டெக். ஒன்றில் முசேவின் நீளச் சங்கு. இன்னொன்றில் வீட்டிலிருந்து எடுத்து வந்து போட்டிருந்த பழைய டேப். ஏன் எடுத்து வந்தேன்? தொழில் தெரிந்தவன் மாற்று இல்லாமல் மேடைக்கு வரமாட்டான், அதனால்தான்.

இரண்டாவது டெக்கை அழுத்தினேன்.

குட்டியாக ஒன்று. குட்டியாக இன்னொன்று. விடுகிற சங்கு.

டிரம்ஸ்காரர் கை அந்த நொடியில் நின்றது, பட்டையைத் தள்ளித் தறியை நிறுத்துகிற மாதிரி. குச்சியைக் கோபத்தில் வைக்கவில்லை. வேலை முடிந்தது, வைத்தார். ஆட்டக்காரர் வயரை விட்டார். பிளேயரை இடுப்பில் செருகினார். எழுந்து நின்று, தோளைத் தட்டிக்கொண்டார். தலையை உதறினார். எனக்கு முதலில் புரியவில்லை. அவருக்குப் பின்னால் எழுந்தவர்களும் தோளைத் தட்டினார்கள், பெண்கள் முந்தானையை உதறினார்கள். ஷிப்டு விட்டதும் மேலே ஒட்டியிருக்கிற பஞ்சைத் தட்டுவார்களே, அது. அன்றைக்கு யார் மேலும் ஒரு இணுக்குப் பஞ்சு இல்லை. தட்டினார்கள்.

"மச்சான், வா போலாம். ஷிப்டு விட்டாச்சு" என்றார் ஆட்டக்காரர் மேடையைப் பார்த்து.

டிரம்ஸ்காரர் இறங்கி வந்தார். தூக்குகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். பேசிக்கொண்டு, ஒருத்தர் தோளில் ஒருத்தர் கையைப் போட்டுக்கொண்டு, யாரோ யாரையோ கிண்டல் செய்துகொண்டு. பூட்டுத் தொங்கிய நாளிலிருந்து அப்படி அவர்கள் நடந்து நான் பார்க்கவில்லை. பின்னால் நாற்காலிகளிலிருந்து பிள்ளைகள் எழுந்து பிஸ், பிஸ் என்று கத்தினார்கள். ஆட்டக்காரர் திரும்பாமலேயே சொன்னார்:

"விட்ட சங்க ரெண்டாந்தரம் ஊதுவாங்களாடா?"

எனக்கு அதுதான் வெற்றி. ஆனால் மேடையிலிருந்து பார்த்த முசேவுக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும்தான். பாட்டின் உச்சியில் பாதித் திடல் எழுந்து போகிறது, தன் டிரம்ஸ்காரரும் கூடவே போகிறார். கித்தாரைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஊரையே எழுப்பி அனுப்பிட்டியேண்ணே. பாட்டக் கொன்னுட்ட."

"கொல்லல முசே. வுட்டுட்டேன்" என்றேன். அவருக்கு அது ஏறவில்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் என்னோடு பேசவில்லை. சங்குக் கட்சிப் பிள்ளைகள் இன்றைக்கும், மில்காரர்கள் ரசனை இல்லாமல் வெளிநடப்பு செய்தார்கள் என்றுதான் சொல்கிறார்கள். வெளிநடப்பு இல்லையப்பா. வேலை விட்டு வீட்டுக்குப் போனார்கள். அதைவிடப் பெரிய கைதட்டல் எங்கே கிடைக்கும்?

மறுநாள் ஆட்டக்காரர் கடைக்கு வந்தார். "அந்தக் கேசட்டு ஒண்ணு குடு. அந்த ரெண்டு சங்கு இருக்கிறது."

"அது கேசட்டுல இல்லண்ணே. என் டேப்புல இருந்துது."

"அப்ப சேத்துக் குடு."

நீளச் சங்கையும் அதற்குப் பின்னால் வருவதையும் எடுத்துவிட்டு இரண்டு குட்டிச் சங்கைச் சேர்த்துக் கொடுத்தேன். அவரைப் பார்த்து அடுத்தவர் கேட்டார். என் கடையிலிருந்து போனதெல்லாம் அப்படித்தான் போனது. கடைசியில் எந்த வீட்டில் கேட்டாலும் குட்டிச் சங்கில்தான் பாட்டு முடிந்தது. நீளச் சங்கு வைத்த கேசட்டை யாரும் கேட்கவில்லை. டிரம்ஸ்காரரை அந்தத் தெருவில் கடைசிவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டார்கள். மில் ஒருநாள் திறந்தது. நிஜச் சங்கு ஊதியபோது யாரும் ஓடவில்லை, முதலில் என் கடையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

பிற்பாடு முசே அந்தக் கேசட்டை மறுபடி போட்டார். அதிலும் இரண்டு குட்டிச் சங்கு. கேட்டவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? தொழிலாளியைக் கடைசியில் விடுதலை பண்ண வேண்டும் என்று தனக்குத் தோன்றியதாம். அட்டையில் ஆர்கன்காரர் வீட்டில் டீ போட்டுக் கொடுத்தவர்களுக்குக்கூட நன்றி இருக்கிறது. என் பேர் இல்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் சங்கு ஊதித் தெருவை ஓட வைத்தது யார் என்று கேட்டால் மட்டும், அத்தனை கையும் என் கடையைக் காட்டும். ஓட வைத்தவன் நான் என்றால் வேலை விட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்தவனும் நான்தான்.

முசேவின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அந்தப் பாட்டை மறுபடி வெளியிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். நல்லது, செய்யட்டும். அவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே தாளில் பொடி எழுத்தில் நன்றி போடுகிற வேலை வேண்டாம். மேலட்டையில், கித்தார் என்று உங்கள் அப்பா பேரைப் போடுகிற அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், சங்கு என்று போட்டு என் பேரைப் போடுங்கள். முடியாது என்றால் அந்த இரண்டு சங்கையும் எடுத்துவிட்டு வெளியிடுங்கள். அப்புறம் பாட்டு எங்கே முடிகிறது என்று பார்ப்போம்.